அடுப்பு எரியாத இரண்டு நாள்

நிருபராக இருந்த காலம் முழுவதும் நான் எழுதியவற்றில் ஒரே ஒரு செய்திக்குத்தான் அரசாங்கம் ஒரு வாரத்துக்குள் நடவடிக்கை எடுத்தது. அந்தச் செய்தியில் தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது பொய். எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளிடமும் பாதிதான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எம்.ஏ. வரலாறு படித்திருந்தேன். காலையில் ஒரு டுட்டோரியலில் பாடம் நடத்திவிட்டு, பத்து மணிக்கு மேல் சைக்கிளில் செய்தி தேடிக் கிளம்புவேன். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, உரம் கிடைக்கவில்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது, சாலை மறியல், கும்பாபிஷேகம். பகுதிநேர நிருபர்களின் பெயர் பத்திரிகையில் வராது. நாங்கள் எழுதும் குறைச் செய்திகளுக்கெல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: 'சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடியாக நடவடிக்கை எடுப்பார்களா என்று பொதுமக்கள் எதிர்பார்க்கிறார்கள்.' அந்த வரியை எழுதும்போது நாங்கள் யோசிப்பதில்லை. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' போல அது பாட்டுக்கு வந்து விழும்.

ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளியே போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. கடலோர ஊர்களில் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போவது பழைய வழக்கம். இப்போது வயல் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்தும் போக ஆரம்பித்தார்கள். துபாய், மஸ்கட், சிங்கப்பூர். பாஸ்போர்ட் கிடைக்காதவன் திருப்பூர். வீட்டில் மிஞ்சியவர்கள் வயதானவர்களும் மருமகள்களும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், சர்க்கரையில் கால்விரல் எடுத்தவர்கள், கண்புரை முற்றியவர்கள் எல்லாம் பகல் முழுக்கத் தனியாக வீட்டில் கிடந்தார்கள்.

அவர்களுக்காக ஒரு பகல் மையம் இருந்தது. ஊரில் அதற்கு 'சென்டர்' என்றுதான் பெயர். பழைய உரக் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நடத்தியது. அரசாங்க மானியத்தில்தான் அது ஓடியது. காலை எட்டரைக்கு ஒரு வேன் வீடு வீடாகப் போய் ஆட்களை ஏற்றிவரும். ஒரு நர்ஸ் அம்மா ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுப்பார். கை கால் விழுந்தவர்களுக்குப் பயிற்சி உண்டு. உத்தரத்தில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே நடக்க வேண்டும். விரல்களுக்கு நர்ஸ் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு தாம்பாளத்தில் நெல்லைக் கொட்டி, பிடி பிடியாக இன்னொரு தாம்பாளத்துக்கு மாற்றச் சொல்வார். மதியம் சூடாகச் சாப்பாடு. நான்கு மணிக்கு வேன் திரும்ப வீட்டில் விடும்.

அங்கே வந்தவர்களில் ஒருவரை இனிப் பெரியவர் என்றே சொல்கிறேன். வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு ஏரோட்டியவர். வரப்பு வெட்டுவதில் அந்தப் பக்கம் அவருக்குப் பெயர் இருந்தது. வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப் போய், சென்டருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மகள் பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்தில் வேலை பார்த்தாள். அவள் கணவன் மஸ்கட்டில் இருந்தான். மாமியார் வீட்டார் ஒத்துவராததால் அப்பாவோடு இருந்தாள். அப்பாவை வேனில் ஏற்றிவிட்டு ஒன்பது மணிக்குப் பூத்தைத் திறப்பாள். சென்டர் இருந்ததால்தான் அவள் வேலைக்கு வர முடிந்தது.

அந்தப் பூத்தில் ஃபேக்ஸ் இருந்தது. தினமும் மூன்று மணிவாக்கில் அங்கே போய், பெஞ்சில் உட்கார்ந்து செய்தி எழுதி அவளிடம் கொடுப்பேன்.

"என்னண்ணே, இன்னிக்கு எந்த வாய்க்கால்ல தண்ணி வரல?"

"எல்லா வாய்க்கால்லயுந்தாம்மா."

"அப்ப நேத்து அனுப்புனதையே திருப்பி அனுப்பிடவா? உங்களுக்கும் கை வலி மிச்சம்."

இப்படித்தான் பேசுவாள். ஒருநாள் நான் உள்ளே நுழைவதற்குள்ளேயே ஆரம்பித்தாள். "அப்பா நேத்து ரசஞ்சோத்தத் தானே பெசஞ்சு சாப்புட்டாராம்ண்ணே, சோத்தாங்கையால. நர்ஸம்மா சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ஒரே பீத்தல். பேச்சுதான் கொழறுது, பெருமைக்கு ஒரு கொறச்சலும் இல்ல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பி ஃபேக்ஸ் மெஷினைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருடம் மானியத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. எல்லாவற்றிலும் சிக்கனம் என்ற காலம். யாரும் வராத மையங்களை மட்டும் நிறுத்துவோம், அதிகாரிகள் நேரில் பார்த்து முடிவு செய்வார்கள் என்று சுற்றறிக்கை சொன்னது. அதை எதிர்த்து மூன்று செய்தி எழுதினேன். நர்ஸ் அம்மாவிடம் பேசி, வேன் டிரைவரிடம் பேசி, பெரியவரின் ரசஞ்சோற்றைக்கூட எழுதினேன். இரண்டு வரவே இல்லை. ஒன்று, கிணற்றில் விழுந்த பசுவுக்குக் கீழே நாலு வரியாக வந்தது. தஞ்சாவூர் அலுவலகத்தில் செய்திகளைப் பார்க்கும் உதவி ஆசிரியர் போனில் சொன்னார்:

"வெட்டுறாங்க வெட்டுறாங்கன்னு எத்தனை தடவைய்யா எழுதுவீரு? படம் இருக்கா? பாத்தவொடனே மனசுல தைக்கிற மாதிரி ஒரு படம் குடும்."

முழுநேர நிருபர் இடம் ஒன்று காலியாகப் போவதாகவும் அதே போனில் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. டுட்டோரியலில் பையன்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மனதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

சென்டர் இருந்த தெருவில் ஒரு பாட்டியம்மாள் இறந்துபோனார். தினமும் சென்டருக்கு வருகிறவர். மகன் துபாயில் இருந்தான். எங்கள் பக்கத்தில் தெருவில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத் தெருக்காரர்கள் காபியும் சோறும் கொண்டுவந்து கொடுப்பார்கள். முன்பெல்லாம் அது ஒரு வேளையோடு முடிந்துவிடும். காலையில் போனால் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். மகன்கள் விமானத்தில் வர வேண்டியிருந்த பிறகு அது நீண்டது. கடற்கரையிலிருந்து ஐஸ் பாளம் வரவழைத்துப் பிணத்தைச் சுற்றி அடுக்கி, மகனுக்காகக் காத்திருப்பார்கள். இந்த அம்மாளுக்கு இரண்டு நாள் காத்திருந்தார்கள்.

தெருவுக்கு உள்ள கட்டுப்பாடு சென்டருக்கும்தான். சமைக்கிற அம்மாள் அதே தெருக்காரி. தங்களோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டவள் பிணமாகக் கிடக்கும்போது பந்தலைத் தாண்டி வந்து சாப்பிடவும் பயிற்சி செய்யவும் மற்றவர்களுக்கு மனம் வருமா? வேன் அவர்களைச் சாவு வீட்டிலேயே இறக்கிவிட்டது. நர்ஸ் அம்மாவும் அங்கேதான் இருந்தார். முதல் நாள் காலையில் நானும் போனேன். மாலை போட்டேன். பெரியவர் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். பிறகு, அதை இறக்கிவிட்டு, மெல்ல வலது கையைத் தூக்கினார்.

இரண்டாம் நாள் பத்தரை மணிக்குத் துறை அதிகாரி சென்டரைப் பார்க்க வந்தார். வேறு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பேருந்து நிலையத்தில் ஜீப்பை நிறுத்தி, பத்திரிகைக்காரர் யாராவது இருந்தால் கூட வரலாம் என்றார். நான் ஏறிக்கொண்டேன். ஜீப் தெருவின் கிழக்கு முனை வழியாகப் போனது. பந்தல் மேற்கு முனையில். நடுவில் தெரு வளைவதால் பந்தல் தெரியாது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

சென்டரில் கூட்டிப் பெருக்குகிற ஆயா மட்டும் வாசலில் இருந்தாள். உள்ளே பாய்கள் சுருட்டி வைத்தபடி இருந்தன. கயிறு சும்மா தொங்கியது. சமையலறையில், இரண்டு நாளாக ஆறிக் கிடந்த மண் அடுப்புக்குள் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கேமராவை எடுத்தேன்.

"எங்கம்மா ஆளுங்கல்லாம்?" என்று அதிகாரி ஆயாவிடம் கேட்டார்.

"தெருவுல எழவுங்கய்யா. எல்லாரும் அங்கதான் இருக்காங்க."

"நேத்தைக்கும் ரெஜிஸ்டர்ல ஒருத்தரும் வரலையே."

"நேத்தும் எழவுதாங்கய்யா. இன்னும் எடுக்கல."

"ரெண்டு நாளாவா?"

"மவன் துபாய்லேர்ந்து வரணுங்க. பிளேன் இன்னும் வரல."

அதிகாரி சிரித்தார். "துபாய் பிளேன் வராததால இங்க அடுப்பு எரியல. கேட்டுக்குங்க சார்" என்றார் என்னிடம். நானும் சிரித்தேன். ஆயா என்னைப் பார்த்தாள். முந்தின நாள் பந்தலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். நான் பூனையின் பக்கம் குனிந்து இன்னொரு படம் எடுத்தேன். அது கண்ணைத் திறந்துவிடுமோ என்ற ஒரு கவலைதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது.

படச்சுருளை இரண்டு மணி தஞ்சாவூர் பஸ்ஸில் டிரைவரிடம் கவரில் கொடுத்தனுப்பினேன். பிறகு பூத்துக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அதிகாரி வந்தார். பகல் பத்தரை மணிக்கு மையத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு நாளாக வருகைப் பதிவேடு காலி. அடுப்பில் பூனை உறங்கியது. எல்லாம் நடந்ததுதான். சாவைப் பற்றி ஒரு வரி எழுதினேன். எழுதியதை அடித்தேன். இது வந்தால் சென்டரைச் சீர்படுத்துவார்கள், கவனம் விழும், நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் வழக்கமான அந்த வரியைப் போட்டேன்.

"என்ன நியூஸ்ண்ணே?" என்றாள் மகள், தாள்களை வாங்கிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு இன்ஸ்பெக்‌ஷன்."

தாள்களைக் கவிழ்த்துத்தான் மெஷினில் விடுவார்கள். அவள் படித்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தின் தலையில் மூன்று பத்தி அகலத்துக்குப் படம் வந்தது. 'அடுப்பில் பூனை உறங்கும் முதியோர் மையம்' என்று அலுவலகத்தில் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். உதவி ஆசிரியர் போன் செய்து, "இதுய்யா செய்தி" என்றார். ஆறாம் நாள், ஆட்கள் பயன்படுத்தாத மையம் என்று காரணம் காட்டி மாத முடிவோடு மானியத்தை நிறுத்தும் உத்தரவு வந்தது. உத்தரவோடு என் செய்தியின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

அன்று பூத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கடைத்தெருவில் வேறொரு பூத்தைத் தேடிப் போனேன். அவளோ என்னைத் தேடி டுட்டோரியலுக்கே வந்துவிட்டாள். கோபமாக வருவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை.

"ஒரு வரி போடுங்கண்ணே. அன்னிக்கு எழவு, அதான் யாரும் வரலன்னு ஒரே ஒரு வரி. நீங்க எழுதுனா கேப்பாங்க."

"நீ பேப்பர்ல பாத்தியாம்மா?"

"நாந்தானேண்ணே அனுப்புனேன். ரெண்டாவது தாளு மெஷின்ல சிக்கிக்கிச்சு. எடுத்துப் பாத்தேன். நடவடிக்கை எடுக்கணும்னு முடிச்சிருந்தீங்க. நீங்க எழுதுனா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சு, திருப்பி விட்டேன்."

மறுப்புப் போட ஆபீஸில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். "கேட்டுப் பாருங்கண்ணே" என்றாள். கேட்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னேன்.

நான் கேட்கவே இல்லை. மனைவியிடம் சொல்லாத பாதி இதுதான். போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உதவி ஆசிரியர் திட்டியிருப்பார், போடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டிருக்கலாம். முழுநேர நிருபர் பட்டியலில் என் பெயர் இருந்த நேரத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாவட்ட அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். நிருபர்கள் உட்காரச் சுவரோரம் நாற்காலி போட்டிருப்பார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். மகளும் நர்ஸ் அம்மாவும் மனுவோடு வரிசையில் வந்தார்கள். பெரியவரை வாசல் தாழ்வாரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். கதவு வழியாக அவருடைய ஒரு காலும் ஊன்றுகோலும் எனக்குத் தெரிந்தன. மனுவை வாங்கிய பெரிய அதிகாரி, பக்கத்தில் நின்ற துறை அதிகாரியிடம் கேட்டார். அவர் ஃபைலைத் திறந்து என் செய்தியைக் காட்டினார்.

"உங்க ஊர் நிருபரே எழுதியிருக்காரேம்மா, யாரும் வர்றதில்லன்னு."

"அன்னிக்கு மட்டுந்தாங்கய்யா வரல. தெருவுல சாவு. அந்த அண்ணன் இங்கதான் இருக்காங்க, அவங்களையே கேளுங்க. அவங்களுக்குத் தெரியும். அவங்களும் வந்து மால போட்டாங்க."

கை நீட்டிக் காட்டினாள். முகத்தில் பயம் இல்லை. எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்தேன்.

"என்ன சார்? நீங்க எழுதினது சரிதானே?"

"நான் பாத்ததத்தான் எழுதினேன் சார்."

"சாவு வீட்டுக்குப் போனீங்களா?"

"அது முந்தின நாள் சார்."

அதுவும் உண்மைதான். பெரிய அதிகாரி தலையை ஆட்டி மனுவில் ஏதோ குறித்து ஓரமாக வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. காட்டிய கை அப்படியே பாதியில் நின்றது. நர்ஸ் அம்மாதான் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனார். பக்கத்து நாற்காலியிலிருந்த வேறு பத்திரிகை நிருபர் என் காதில், "நல்ல வேள. ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா நாளைக்கு நம்மள ஒரு பய மதிக்க மாட்டான்" என்றார். நான் உட்கார்ந்து அடுத்த மனுவைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். பட்டா மாறுதல் சம்பந்தமான மனு அது.

மாத முடிவில் வேன் நின்றது. கொஞ்ச நாள் அப்பாவைப் பூத்துக்கே கூட்டிவந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள் என்று கேள்விப்பட்டேன். துபாயிலிருந்து வரும் போனுக்காகக் காத்திருக்கும் பெண்கள் நடுவே ஒருநாள் அவர் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார். முதலாளி இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவை வரவேண்டாம் என்றாரா, அவளையா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருமே வரவில்லை. இதையெல்லாம் நான் அடுத்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம்கூட இல்லை.

அடுத்த வருடம் என்னை முழுநேர நிருபராக்கித் தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். அங்கே விபத்துச் செய்திக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஒருநாள் காலை ஆண்கள் வார்டில் கும்பகோணம் சாலை விபத்தில் அடிபட்டவரைத் தேடிக்கொண்டிருந்தபோது, "அண்ணே" என்று குரல் கேட்டது. அவள்தான். பெரியவர் கட்டிலில் கிடந்தார். உடம்பில் பாதி குறைந்திருந்தது. வலது கை விரல்கள் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தன. முதுகில் படுக்கைப் புண்.

"ஒரு கை பிடிங்கண்ணே. பொரட்டிப் போடணும். ஆள் இல்ல."

நோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தோளைப் பிடித்தேன்.

"அங்க இல்ல. கக்கத்துக்குக் கீழ. ஆங். தூக்காதீங்க, சாய்ங்க."

பிடித்துக்கொண்டேன். அவள் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். நாற்றம் வந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை. அது ஒன்றுதான் அன்று நான் செய்த நல்ல காரியம். பெரியவரின் முகம் என் கைக்கு மிக அருகில் இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டார்.

"சென்டரு தொறந்தாச்சான்னு கேக்குறாரு" என்றாள் மகள், தலை நிமிராமல். "பேப்பர்காரங்க யாரப் பாத்தாலும் இதேதான்."

"சீக்கிரம் தொறந்துருவாங்க ஐயா" என்றேன்.

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். அன்றைக்கு அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவருகிட்டயாச்சும் பொய் சொல்லாதீங்கண்ணே."

பிறகு மறுபடியும் வேலையைத் தொடர்ந்தாள். முடிகிறவரை நான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்தான் மூடவைத்தேன் என்று அவரிடம் சொல்ல அத்தனை நேரமும் இருந்தது. அவர் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியை இழுத்துவிட்டு, "போதும், விடுங்க" என்றாள். விட்டுவிட்டு, விபத்தில் அடிபட்டவர் எந்தக் கட்டில் என்று வார்டு பாயிடம் கேட்கப் போனேன்.